வடையில் ஏன் துளை? சீடை ஏன் வெடிக்கிறது?

கோகுலாஷ்டமி வந்துவிட்டால் பல வீடுகளில் சீடை சுடுவார்கள். அன்று அடுப்பங்கரைப் பக்கம் சிறுவர்களை அண்டவிட மாட்டார்கள். "சீடை வெடிக்கும், தள்ளிப் போ!" என்று விரட்டுவார்கள். திடீரெனச் சட்டியில் பட்டென்று ஓர் ஓசை எழும். காய்ந்த எண்ணெய் சுவர் வரைக்கும் தெறிக்கும். அந்த எண்ணெய் கையிலும் முகத்திலும் பட்டுப் புண்ணானவர்கள் உண்டு. ஆனால் அதே சட்டியில், அதே எண்ணெயில் உளுந்து வடை சுடும்போது யாரும் இப்படி அஞ்சுவதில்லை. வடை சீறும், சலசலக்கும்; வெடிப்பதில்லை.

இரண்டும் மாவுதான். இரண்டிலும் நீர் இருக்கிறது. சொல்லப்போனால் சீடை மாவைவிட வடை மாவில்தான் நீர் அதிகம். அப்படியிருக்க, நீர் குறைந்த சீடை வெடிப்பதும் நீர் மிகுந்த வடை வெடிக்காமல் இருப்பதும் எதனால்? வடையின் நடுவே விரலால் ஒரு துளை போடுகிறார்களே, அது அழகுக்காகவா? இந்தக் கேள்விகளுக்கு விடை காண அடுப்பங்கரைக்கே ஒரு முறை போய் வருவோம். வழியில் சிவகாசியையும் எட்டிப் பார்ப்போம்.

எண்ணெய் கொதிக்கிறதா?

"எண்ணெய் கொதிக்கிறது" என்று நாம் சொல்வது வழக்கம். உண்மையில் அது கொதிப்பதில்லை. பலகாரம் சுடும்போது எண்ணெயின் வெப்பநிலை ஏறக்குறைய 170° செ. முதல் 180° செ. வரை இருக்கும். இந்தச் சூட்டில் எண்ணெய் ஆடாமல் அசையாமல் நிற்கும். மாவைப் போட்டவுடன்தான் குமிழ்கள் எழுகின்றன. அந்தக் குமிழ்கள் எண்ணெயிலிருந்து வருவன அல்ல. மாவிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறுவதையே நாம் காண்கிறோம்.

நீரின் கொதிநிலை 100° செ. என்பது உங்களுக்குத் தெரியும். மாவின் மேற்பரப்பில் உள்ள நீர் முதலில் ஆவியாகிவிடும். அங்கே ஓர் உலர்ந்த மேலோடு உண்டாகிறது. நீர் இல்லாததால் அந்த மேலோட்டின் சூடு 100 டிகிரியைத் தாண்டி ஏறுகிறது. ஏறக்குறைய 140° செ. ஆனதும் மாவிலுள்ள புரதமும் சர்க்கரைப் பொருள்களும் ஒன்றோடொன்று வினைபுரிந்து பொன்னிறமும் மணமும் தருகின்றன. இவ்வினையைப் பற்றி 1912இல் எழுதிய பிரெஞ்சு அறிஞர் மயார் என்பவரின் பெயரால் இதனை மயார் வினை என்பர். வடையின் உட்பகுதியிலோ நீர் இன்னும் இருக்கிறது. ஈரம் இருக்கும் வரை, நீராவி தடையின்றி வெளியேறும் வரை, அங்கே வெப்பநிலை 100 டிகிரிக்கு மேல் ஏறாது. ஆகவேதான் வெளியே சிவந்து மொறுமொறுப்பாக இருக்கும் வடை, உள்ளே வெள்ளையாகவும் மெத்தென்றும் இருக்கிறது.

வெளியேறும் நீராவி இன்னொரு வேலையும் செய்கிறது. அது எண்ணெயை உள்ளே வரவிடாமல் தள்ளிக்கொண்டே இருக்கிறது. வடையை எடுத்து வெளியே வைத்தபின் சூடு ஆறும். உள்ளிருக்கும் நீராவி மறுபடியும் நீராகும். உள்ளே அழுத்தம் குறையும். அப்போது மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய் உள்ளே உறிஞ்சப்படுகிறது. பலகாரம் குடிக்கும் எண்ணெயில் பெரும்பகுதி இப்படி வெளியே எடுத்த பிறகுதான் உள்ளே போகிறது. ஜல்லிக் கரண்டியில் எடுத்ததும் சட்டியின் விளிம்பில் தட்டி எண்ணெயை நன்றாக வடியவிடுகிறார்களே, அது சரியான இயற்பியல்.

சமையலில் கைதேர்ந்தவர்கள் "சலசலப்பு அடங்கியதும் எடு" என்பார்கள். அவர்களிடம் வெப்பமானி இல்லை. ஆனால் நீராவி குறையக் குறையக் குமிழ்களும் ஓசையும் குறைகின்றன. காதே அவர்களுக்கு அளவுகருவி.

ஒரே நேரத்தில் நிறையப் போட்டால்?

ஒரு கிராம் நீரை ஆவியாக்க ஏறக்குறைய 540 கலோரி வெப்பம் வேண்டும். இதனை ஆவியாதலின் உள்ளுறை வெப்பம் என்று படித்திருப்பீர்கள். சட்டியில் அரைக் கிலோ எண்ணெய் இருப்பதாகக் கொள்வோம். எண்ணெயின் தன்வெப்பம் நீரினுடையதில் ஏறத்தாழப் பாதி. ஆகவே அரைக் கிலோ எண்ணெய் ஒரு டிகிரி ஆறும்போது 250 கலோரிதான் கிடைக்கும். ஐந்து வடைகளைப் போடுகிறோம். ஒவ்வொன்றும் 5 கிராம் நீரை இழக்கிறது என்போம். மொத்தம் 25 கிராம் நீர். அதற்கு வேண்டிய வெப்பம் 25 × 540 = 13,500 கலோரி. அடுப்பு எரியவில்லை என்றால் இந்த வெப்பத்தைக் கொடுப்பதற்குள் எண்ணெய் 54 டிகிரி ஆறிவிடும்!

அடுப்பு எரிவதால் அவ்வளவு ஆறுவதில்லை. எனினும் அவசரப்பட்டுச் சட்டி நிறைய வடைகளைப் போட்டால் எண்ணெயின் சூடு இறங்கிவிடும். மேலோடு விரைவில் உண்டாகாது. பலகாரம் நெடுநேரம் எண்ணெயில் கிடந்து பிசுபிசுத்துப் போகும்.

தடிமனும் நேரமும்

விருதுநகர் மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை. சாத்தூர் காராச்சேவை எடுத்துக்கொள்ளுங்கள். கடலைமாவையும் அரிசிமாவையும் பிசைந்து, துளைகள் கொண்ட கரண்டியில் வைத்து எண்ணெயின் மேல் தேய்த்து விடுகிறார்கள். மெல்லிய கம்பிகளாக விழும் சேவு சிறிது நேரத்தில் உள்ளும் புறமும் ஒரே மாதிரி காய்ந்து மொறுமொறுவென்று ஆகிவிடுகிறது. விருதுநகரின் எண்ணெய் புரோட்டாவும் அப்படியே. தட்டையாகவும் அடுக்கடுக்காகவும் இருப்பதால் காய்ந்த எண்ணெயில் விரைவாகப் பொரிந்துவிடுகிறது. போண்டாவோ உருண்டை. தீ சற்று அதிகமானால் வெளியே கருகி உள்ளே மாவாக நிற்கும்.

காரணம் என்ன? எண்ணெயிலிருந்து மாவின் மேற்பரப்புக்கு வெப்பம் வருவது பெரும்பாலும் வெப்பச்சலனத்தால். ஆனால் மாவுக்குள் அது கடத்தல் முறையிலேதான் நகர முடியும். மாவு நல்ல கடத்தி அன்று. வெப்பம் செல்ல வேண்டிய ஆழம் இரு மடங்கானால், ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் உள்ள சூட்டின் வேறுபாடு பாதியாகிறது. ஆகவே நொடிக்கு உள்ளே போகும் வெப்பமும் பாதியாகிறது. சூடேற்ற வேண்டிய மாவோ இரு மடங்கு. பாதி வேகத்தில் இரு மடங்கு வேலை செய்ய எவ்வளவு நேரம் ஆகும்? நான்கு மடங்கு! ஆழம் மூன்று மடங்கானால் நேரம் ஒன்பது மடங்கு. அதாவது, வேகும் நேரம் ஆழத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது.

துளையின் கணக்கு

இப்போது வடையின் துளைக்கு வருவோம். 4 செ.மீ. விட்டமுள்ள ஒரு மாவு உருண்டை. அதன் பருமன் ஏறக்குறைய 33.5 கன செ.மீ. மேற்பரப்பு ஏறக்குறைய 50 சதுர செ.மீ. அதன் மையம் மேற்பரப்பிலிருந்து 2 செ.மீ. ஆழத்தில் இருக்கிறது.

அதே மாவைக் கூட்டாமல் குறைக்காமல் ஒரு வளையமாக்குங்கள். வளையத்தின் தடிமன் 2 செ.மீ. என்றால், நடுவிலுள்ள துளையின் விட்டம் 1.4 செ.மீ., வளையத்தின் வெளிவிட்டம் 5.4 செ.மீ. என்று வரும். இதன் மேற்பரப்பு ஏறக்குறைய 67 சதுர செ.மீ. அதாவது வெப்பம் நுழையும் வாயில் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகிவிட்டது. அதைவிட முக்கியம் இன்னொன்று: மாவின் எந்தத் துகளும் மேற்பரப்பிலிருந்து 1 செ.மீ.க்கு மேல் ஆழத்தில் இல்லை.

ஆழம் பாதியானதால் நேரம் நான்கில் ஒரு பங்காகுமா? வடிவம் ஒன்றாகவே இருந்தால் அப்படித்தான். ஆனால் உருண்டைக்கு எல்லாத் திசைகளிலிருந்தும் வெப்பம் வருகிறது என்ற சலுகை உண்டு. அதையும் சேர்த்துக் கணக்கிட்டால், வளையத்தைவிட உருண்டை வேக இரண்டு மடங்குக்குச் சற்று அதிகமான நேரம் பிடிக்கும். மேலோடு கருகுவதற்குள் உள்ளே வெந்துவிடுமா என்பதை முடிவு செய்ய இந்த வேறுபாடு போதும்.

வடை நம் நாட்டில் மிகப் பழைய பலகாரம். 12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசம் என்ற நூலிலேயே உளுந்து வடை பேசப்படுகிறது. அமெரிக்காவில் இதே வடிவில் மைதா மாவால் செய்யும் இனிப்புப் பலகாரத்தை டோனட் என்பார்கள். 1847இல் ஹான்சன் கிரெகரி என்ற கப்பலோட்டி, நடுவில் வேகாமல் நின்ற பலகாரத்தைக் கண்டு சலித்து, நடுப்பகுதியையே வெட்டி எறிந்துவிட்டார் என்று அங்கே ஒரு கதை வழங்குகிறது. கடலுக்கு அப்பாலும் இப்பாலும் ஒரே சிக்கல், ஒரே தீர்வு.

சீடை ஏன் வெடிக்கிறது?

வெப்பம் உள்ளே போனால் மட்டும் போதாது. நீராவி வெளியே வரவும் வழி வேண்டும். ஒரு கிராம் நீர் அறையில் ஒரு கன செ.மீ. இடத்தில் அடங்கிவிடும். அது ஆவியானால் ஏறக்குறைய 1,700 கன செ.மீ. இடம் கேட்கும்.

வடை மாவை ஆட்டும்போதும் கையால் அடித்துக் கலக்கும்போதும் ஏராளமான காற்றுக் குமிழ்கள் அதில் சிக்கிக்கொள்கின்றன. மாவில் சிறிதளவு எடுத்து நீரில் போட்டால் மிதக்க வேண்டும் என்று வீட்டில் சொல்வார்கள். மாவின் அடர்த்தி நீரினுடையதைவிடக் குறைந்துவிட்டது என்பது அதன் பொருள், ஆர்க்கிமிடீஸ் விதிதான். இந்தக் குமிழ்கள் ஒன்றோடொன்று இணைந்து நீராவிக்குக் கணக்கற்ற சிறு வழிகளாகின்றன. ஆக, வடையில் இரண்டு வகைத் துளைகள் உள்ளன. கண்ணுக்குத் தெரியும் பெரிய துளை வெப்பம் உள்ளே போவதற்கு. கண்ணுக்குத் தெரியாத சிறு துளைகள் நீராவி வெளியே வருவதற்கு.

சீடையின் கதை வேறு. நுண்ணிய அரிசிமாவைப் பிசைந்து, உள்ளங்கைகளுக்கு நடுவே அழுத்தி வழவழப்பாக உருட்டுகிறோம். மேற்பரப்பில் உள்ள சிறு வழிகள் அடைபடுகின்றன. எண்ணெயில் விழுந்ததும் மேலோடு வெந்து இறுகிவிடுகிறது. உள்ளிருக்கும் நீராவி சிறைப்படுகிறது. வெளியேற முடியாத நீராவியின் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். பிரஷர் குக்கரில் நடப்பது இதுவே. குக்கருக்குள் 120° செ. அளவில் நீராவியின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் இரண்டு மடங்கு. 150° செ. ஆனால் அது ஏறக்குறைய 4.7 மடங்கு. 180° செ. ஆனால் ஏறக்குறைய 10 மடங்கு! குக்கருக்கு உறுதியான உலோகச் சுவர் உண்டு. மிஞ்சிய ஆவியை வெளியேற்ற விசிலும், அதுவும் தவறினால் காப்பு வால்வும் உண்டு. சீடைக்கு மாவுச் சுவர் மட்டும்தான். ஒரு கட்டத்தில் அது பிளக்கிறது. தெறிக்கும் துண்டு எண்ணெயையும் வாரி இறைக்கிறது.

நம் வீட்டுப் பெரியவர்கள் இதற்குச் செய்யும் முறைகளை இப்போது நினைத்துப் பாருங்கள். மாவை வறுப்பதும், உருட்டிய சீடையைத் துணியில் பரப்பி உலர்த்துவதும் நீரைக் குறைக்க. சலிப்பது கட்டிகளை நீக்க. கட்டி ஒன்று இருந்தால் அது நீரை ஒரே இடத்தில் தேக்கி வைக்கும். வெண்ணெய் சேர்ப்பது மாவு இறுகிப் பிடிக்காமல் உதிரியாக இருக்க. அழுத்தாமல் சற்றுச் சொரசொரப்பாக உருட்டுவதும், ஊசியால் குத்துவதும் ஆவிக்கு வழிவிட. தட்டை தட்டும்போது ஊசியால் அங்கங்கே குத்துவதும் இதற்காகவே. இவற்றில் ஒன்றைச் சோம்பலால் விட்டுவிட்டாலும் ஆபத்து உண்டு.

புஸ்வாணமும் வெடியும்

வறண்ட வானிலையும் குறைந்த மழையும் கொண்ட சிவகாசியில் 1923இல் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது. பின்னர் பட்டாசுத் தொழிலும் வளர்ந்தது. அங்கே செய்யும் இரண்டு பொருள்களை அருகருகே வைத்துப் பாருங்கள்: புஸ்வாணம், வெடி.

புஸ்வாணத்தின் உச்சியில் ஒரு துளை இருக்கிறது. உள்ளே மருந்து எரிந்து உண்டாகும் வாயுக்கள் அத்துளை வழியாகத் தீப்பொறிகளை அள்ளிக்கொண்டு சீறி வெளியேறுகின்றன. அழுத்தம் உள்ளே தேங்குவதில்லை. வெடிக்கு அப்படி வழி இல்லை. காகிதத்தை இறுகச் சுற்றி முனைகளை அடைத்திருக்கிறார்கள். அணுகுண்டு என்று நாம் சொல்லும் வெடிக்கு மேலே நூலையும் வரிந்து சுற்றுகிறார்கள். சுவர் எவ்வளவு உறுதியோ, அவ்வளவு அழுத்தம் சேர்ந்த பிறகுதான் அது கிழியும். ஓசையும் அவ்வளவு பெரிதாக இருக்கும். வடை புஸ்வாணத்தைப் போன்றது. சீடை வெடியைப் போன்றது.

ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. பட்டாசில் வேதி வினையால் புதிய வாயுக்கள் தோன்றுகின்றன. வெப்பமும் அவ்வினையிலிருந்தே வருகிறது. சீடையில் வேதி வெடிப்பு எதுவும் இல்லை. நீர் ஆவியாகிறது, அவ்வளவே. எனினும் அடைபட்ட வாயு என்ற அளவில் இரண்டும் ஒன்று.

இதில் நமக்கு ஓர் எச்சரிக்கை இருக்கிறது. தீபாவளி முடிந்த மறுநாள் வெடிக்காத பட்டாசுகளைப் பொறுக்கிப் பிரித்து, மருந்தைச் சேர்த்து டப்பாவிலோ குழாயிலோ அடைத்துக் கொளுத்திப் பார்க்கும் சிறுவர்கள் உண்டு. திறந்த தாளில் சீறி எரியும் மருந்து, உலோக டப்பாவுக்குள் அடைபட்டால் என்ன செய்யும் என்பதை மேலே சொன்னதிலிருந்து நீங்களே உணரலாம். டப்பாவின் துண்டுகள் கண்ணையும் கையையும் பறித்துவிடும். இதைச் செய்ய வேண்டாம். செய்பவர்களைக் கண்டால் தடுத்து நிறுத்துங்கள்.

வீட்டில் ஒரு சோதனை: குட்டி டோனட்

துளையின் பயனைக் கண்ணால் காண ஒரு சுவையான சோதனை இருக்கிறது. எண்ணெயில் பொரிக்கும் வேலையை மட்டும் வீட்டுப் பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள்.

மைதா 200 கிராம், பொடித்த சர்க்கரை 50 கிராம், உருக்கிய வெண்ணெய் 25 கிராம், ஆப்பசோடா கால் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை ஆகியவற்றைக் கலந்துகொள்ளுங்கள். ஏறக்குறைய 100 மில்லி லிட்டர் புளித்த தயிரைச் சிறிது சிறிதாக விட்டு மெதுவாகப் பிசையுங்கள். சப்பாத்தி மாவைவிடச் சற்று இளக்கமாக இருக்கட்டும். ஈரத்துணியால் மூடி 20 நிமிடம் வையுங்கள்.

பாதி மாவை 1 செ.மீ. தடிமனுக்குத் தேய்த்து, 4 அல்லது 5 செ.மீ. அகலமுள்ள ஒரு டப்பா மூடியால் வட்டங்களாக வெட்டுங்கள். நடுவில் சிறிய பாட்டில் மூடியால் துளை போடுங்கள். மீதி மாவில் சில உருண்டைகள் செய்யுங்கள். ஒரு வளையமும் ஓர் உருண்டையும் ஒரே எடை இருக்கும்படி தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். எண்ணெயைக் காயவைத்து, மிளகளவு மாவைப் போட வேண்டும். அது அடியில் போய்க் குமிழ்விட்டு மெல்ல மேலே வந்தால் சூடு சரி. இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டு, திருப்பிவிட்டு, வளையம் பொன்னிறமானதும் இரண்டையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். ஆறியபின் கத்தியால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வளையம் முழுவதும் வெந்திருக்கும். உருண்டையின் நடுவில் பச்சை மாவு தெரியும். மற்ற வளையங்களைப் பொரித்து, சூட்டோடு பொடித்த சர்க்கரையில் புரட்டினால் குட்டி டோனட் தயார்.

டோனட் உப்புவது எதனால்? 30° செ. சூட்டில் உள்ள காற்று 100° செ. ஆகும்போது, சார்லஸ் விதிப்படி அதன் பருமன் 303இலிருந்து 373 என்ற விகிதத்தில்தான் கூடும். அதாவது கால் மடங்குகூட இல்லை. மீதி உப்பலுக்குக் காரணம் இரண்டு: தயிரின் அமிலத்தோடு ஆப்பசோடா வினைபுரிந்து தரும் கரியமில வாயு, மற்றது நீராவி. குட்டியாகச் செய்வதிலும் நன்மை இருக்கிறது. பெரிய டோனட்டின் தடிமனில் பாதிதான் இருப்பதால், வர்க்கக் கணக்குப்படி நான்கில் ஒரு பங்கு நேரத்தில் வெந்துவிடும். சிறிய சட்டியில் கொஞ்சம் எண்ணெயே போதும்.

எண்ணெய் தீப்பிடித்தால்

கடைசியாக ஒன்று. அடுப்பில் எண்ணெயை வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டால், அது முதலில் புகையும். மேலும் சூடேறினால் தானே தீப்பற்றிக்கொள்ளும். அப்போது பலரும் பதறிப்போய் ஒரு செம்பு நீரை எடுத்து ஊற்றுவார்கள். அதைவிடக் கேடானது வேறில்லை. நீர் எண்ணெயைவிட அடர்த்தி மிக்கது. ஆகவே அடியில் போய்விடும். அங்கே அது நொடியில் ஆவியாகும். 200 மில்லி லிட்டர் நீர் முழுவதும் ஆவியானால் 340 லிட்டர் இடம் வேண்டும். மேலே இருக்கும் எரியும் எண்ணெயை அது கூரை வரை வீசியெறியும்.

செய்ய வேண்டியது எளிது. அடுப்பை அணையுங்கள். சட்டியைவிடப் பெரிய ஓர் உலோகத் தட்டால் அல்லது மூடியால் பக்கவாட்டிலிருந்து நகர்த்திச் சட்டியை மூடுங்கள். காற்று கிடைக்காமல் தீ அணையும். நன்றாக ஆறும் வரை மூடியைத் திறக்கக் கூடாது. சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடவும் கூடாது. எண்ணெய் உடம்பில் தெறித்துவிட்டால், அந்த இடத்தை ஓடும் நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மை, மாவு, பற்பசை எதையும் தடவ வேண்டாம். காயம் பெரிதானால் மருத்துவரிடம் செல்லுங்கள்.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. பூரியை எண்ணெயில் போட்டால் பந்துபோல் உப்புகிறது. உள்ளே நீராவி அடைபட்டுத்தான் இருக்கிறது. ஆனாலும் சீடையைப் போல் அது வெடிப்பதில்லை. ஏன்? கோதுமை மாவைப் பிசையும்போது அரிசிமாவில் இல்லாத எந்தக் குணம் அதில் தெரிகிறது என்று யோசித்துப் பாருங்கள், விடை கிடைத்துவிடும்.